ஐநேச்சுரலிஸ்ட்: ‘இது அது இல்லைங்க’ என்று சண்டையில்லாமல் சொல்ல ஓர் இடம்

பூச்சி, செடி, பறவை என்று எதையாவது படம் எடுத்துக்கொண்டு திரிகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் வந்து சேரும் இடம் ஐநேச்சுரலிஸ்ட். ஆப்பாகவும் உண்டு, வெப்சைட்டாகவும் உண்டு. தமிழில் நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் ‘படம் போட்டால் பெயர் சொல்லும் ஆப்’ என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். பெயர் மட்டும் வேண்டுமென்றால் கூகுள் லென்ஸ் போதுமே. நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. இங்கே ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் மறுக்கலாம். மறுத்த பிறகும் மறுநாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். பொழுதுபோக்குக் குழுக்களில் இது எவ்வளவு அபூர்வம் என்று அந்தக் குழுக்களில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த விமர்சனம் முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான். பேட்டரி எவ்வளவு தின்கிறது, படம் ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையெல்லாம் வேறு யாராவது எழுதுவார்கள்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். திருநெல்வேலியில் வீடு, அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி என்று பைக்கில் சுற்றும் லைன். டாக்டர் கடைசி பேஷண்டைப் பார்த்து முடிக்கும் வரை கிளினிக் வாசலில் நிற்பதுதான் எங்கள் வேலையில் பாதி. கூட நிற்கும் ரெப்கள் ரீல்ஸ் பார்ப்பார்கள். நான் காம்பவுண்டு சுவர் ஓரத்தில் முளைத்திருப்பதைப் படம் எடுப்பேன். பெரிய கேமரா எதுவும் கிடையாது, போனும் அதில் மாட்டும் ஒரு சின்ன மேக்ரோ லென்ஸும்தான்.

முதலில் ஃபேஸ்புக்கில் ஒரு பெரிய இயற்கைக் குழுவில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே கருத்து என்பது இரண்டே வகை. ஒன்று, ‘சூப்பர் அண்ணா’, ‘செம கிளிக்’, கைதட்டும் பொம்மை. இன்னொன்று, பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் வந்து, ‘முதலில் நாலு புத்தகம் படித்துவிட்டு வந்து போஸ்ட் போடவும்’ என்பார். எந்தப் புத்தகம் என்று கேட்டால் பதில் வராது. சுவர்ச் சிலந்தி ஒன்றைப் போட்டு எனக்கும் அந்தப் பிரசாதம் கிடைத்தது. பாராட்டும் சரி, திட்டும் சரி, இரண்டுமே படத்தைப் பார்த்துச் சொன்னவை அல்ல என்பதுதான் எனக்கு உறுத்தியது. படம் போட்டவன் யார், அவனுக்கு என்ன மரியாதை கொடுக்கலாம் என்று பார்த்துச் சொன்னவை. வாட்ஸ்அப் குழுக்களில் இது இன்னும் மோசம். அங்கே ‘குட் மார்னிங்’ படங்களுக்கு நடுவில் போய் ‘சார், அது சின்ன நீர்க்காகம் மாதிரித் தெரியுதே’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஐநேச்சுரலிஸ்டில் நீங்கள் போடுவதற்குப் பெயர் போஸ்ட் இல்லை, பதிவு. என்ன பார்த்தீர்கள், எங்கே, எப்போது, அதற்கு ஆதாரமாகப் படம் அல்லது ஒலி. அவ்வளவுதான். மற்றவர்கள் வந்து ‘இது இன்ன இனம்’ என்று தங்கள் கணிப்பைப் போடுவார்கள். குறைந்தது இரண்டு பேர் கணித்து, அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தில் ஒத்துப்போனால், தேதி, இடம் எல்லாம் ஒழுங்காக இருந்தால், பதிவுக்கு ‘ரிசர்ச் கிரேடு’ என்ற பச்சை முத்திரை. அதுவரை ‘நீட்ஸ் ஐடி’, அதாவது இன்னும் அடையாளம் உறுதியாகவில்லை. முத்திரை கிடைத்த பதிவுகள், நீங்கள் உரிமத்தை அனுமதித்திருந்தால், ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய தரவுத்தளத்துக்குப் போய் ஆராய்ச்சியாளர்கள் கைக்குக் கிடைக்கின்றன. டிஸ்லைக் பொத்தான் கிடையாது. பிடித்திருந்தால் ஒரு நட்சத்திரம் குத்தலாம்.

2008ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் முதுகலைப் படிப்பின் கடைசி ப்ராஜெக்டாக ஆரம்பித்தது இது. 2014ல் கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயன்சஸின் கீழ் வந்தது, 2017ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் சொசைட்டியும் சேர்ந்துகொண்டது, 2023ல் லாப நோக்கில்லாத தனி அமைப்பாகப் பிரிந்தது. பதிவுகள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: நாம் சண்டை போட்டுக்கொண்டு கூடுதலாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் காசு பார்க்கிறவர்கள் இதை நடத்தவில்லை. அது பேச்சின் தொனியிலேயே தெரிகிறது.

இந்தச் சேவையின் மொத்த குணமும் ஒரு சின்னக் கேள்விப் பெட்டியில் இருக்கிறது. ஒருவர் இனம் வரை பெயர் போட்டிருக்கிறார். நீங்கள் அவ்வளவு தூரம் போகாமல் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின் பெயரை மட்டும் போடுகிறீர்கள் என்று வையுங்கள். உடனே ஒரு பெட்டி திறந்து கேட்கும்: இது அந்த இனம்தான் என்று உறுதி செய்ய இங்கே இருக்கும் ஆதாரம் போதுமா? பதில் இரண்டு. பச்சைப் பொத்தான், ‘எனக்குத் தெரியவில்லை, ஆனால் இந்தப் பேரினம் என்பது வரை உறுதி’ என்கிறது. ஆரஞ்சுப் பொத்தான், ‘போதாது; ஆனால் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான்’ என்கிறது.

முதல் தடவை பார்த்தபோது என்னடா இது வக்கீல் மாதிரி கேட்கிறது என்றுதான் நினைத்தேன். பழகிய பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. எனக்குத் தெரியாது என்பது வேறு, இந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது என்பது வேறு. நம் குழுக்களில் இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பாதிச் சண்டை வருகிறது. ஆரஞ்சை அழுத்தும்போதுகூட நான் சொல்வது ‘உனக்குத் தெரியவில்லை’ என்பதல்ல. ‘படத்தில் இல்லை’ என்பதுதான்.

மழைக்குப் பிறகு ரோட்டோரப் புல்வெளியில் பறக்குமே சின்ன மஞ்சள் பட்டாம்பூச்சி, அதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் காமன் கிராஸ் எல்லோ என்று போட்டுவிடுவார்கள். முன்னிறகின் அடிப்பக்கத்தில், செல் என்று சொல்லும் பகுதிக்குள் இரண்டு சின்னக் கோடு மாதிரியான புள்ளிகள் இருந்தால்தான் அது காமன். மூன்று இருந்தால் த்ரீ ஸ்பாட், ஒன்று இருந்தால் ஒன் ஸ்பாட். பூச்சி உட்கார்ந்திருக்கும்போது பின்னிறகு அந்த இடத்தை மறைத்துக்கொண்டால் எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் ஆரஞ்சுதான். ஃபேஸ்புக்கில் ஐந்நூறு லைக் வாங்கிய படம் இங்கே பேரினத்தோடு நிற்கும். இறகு கொஞ்சம் தூக்கியிருந்த நேரத்தில் கை நடுங்கி எடுத்த மங்கல் படம் பச்சை முத்திரை வாங்கும். போட்டோகிராஃபர்களுக்கு இது கசக்கும். என்னைப் போன்ற போன்காரர்களுக்கு இனிக்கும்.

மறுப்பை எப்படி எழுதினால் எடுபடும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. சரியாகச் சொன்னால், வெந்தய வரியன் மாதிரி வேஷம் போட்ட டேனயிட் எக்ஃப்ளை என்ற வேறொரு பட்டாம்பூச்சி. கடையத்தில் ஒரு கிளினிக் பின்னால் தரையோடு படர்ந்திருந்த பருப்புக்கீரையில் அது முட்டை வைத்துக்கொண்டிருந்தது. வெந்தய வரியன் எருக்கைத் தேடிப் போகும். பருப்புக்கீரையில் அதற்கு என்ன வேலை? நான் எக்ஃப்ளை பெண் என்று போட்டேன். வரிசையாக இரண்டு பேர் வந்து வெந்தய வரியன் என்று போட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு என்றால் சரியாக மூன்றில் இரண்டு பங்குதான், கணக்கு எந்தப் பக்கமும் அதைத் தாண்டாது. இரண்டு பூச்சியும் நிம்ஃபாலிடே குடும்பம் என்பதால் பதிவு அந்தக் குடும்பத்தோடு போய் நின்றுவிட்டது.

‘இல்லை, நான் நேரில் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நான் எழுதியது இவ்வளவுதான்: ‘இரண்டாவது படத்தில் பின்னிறகைப் பாருங்கள். மேல் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி. வெந்தய வரியன் என்றால் நடுவில் மூன்று இருக்க வேண்டும், ஆண் என்றால் நான்கு. முட்டை வைத்த செடி பருப்புக்கீரை, படம் நான்கில் இருக்கிறது.’ இரண்டு பேரில் ஒருவர் அன்று ராத்திரியே தன் கணிப்பைத் திரும்பப் பெற்று எக்ஃப்ளைக்கு மாறினார். கூடவே, ‘செடியைப் பார்க்கவே இல்லை, நன்றி’ என்று ஒரு வரி. மற்றவர் ஒன்றும் எழுதாமல் மாற்றிவிட்டுப் போனார். திரும்பப் பெற்ற கணிப்பு அழியாது. குறுக்குக்கோடு விழுந்து அங்கேயே கிடக்கும். பல பேர் கணிப்புகளில் அப்படிக் கோடு கிடக்கும், உலக அளவில் பெயர் வாங்கிய நிபுணர்களுடையதிலும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பயம் தெளிகிறது என்று நினைக்கிறேன்.

அதற்காக எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ‘நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்’ என்பவர்களுக்கும் இங்கே வசதி இருக்கிறது. பொதுக் கணிப்பை ஏற்கவில்லை என்று செட்டிங்ஸில் குறித்துவிட்டால் அவர்கள் பதிவில் அவர்கள் சொன்ன பெயரே நிற்கும். பச்சை முத்திரைதான் கிடைக்காது. ஊரைக் கெடுக்காமல் தன் வீட்டுத் திண்ணையில் பிடிவாதம் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டது நல்ல ஏற்பாடு.

இப்போது குறைகள். முதல் குறைதான் பெரிய குறை: காரணம் எழுதாமலே மறுக்கலாம். ஆரஞ்சை அழுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடலாம்.

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருவர் கீழாநெல்லி என்று ஒரு பதிவு போட்டிருந்தார். நேர் மேலே இருந்து எடுத்த படம். யாரோ வெளிநாட்டு நிபுணர் வந்து ஆரஞ்சை அழுத்தி, ஃபில்லாந்தஸ் என்று பேரினத்தோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தார். ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அந்தப் பெண் கீழே கோபமாக, ‘இது கீழாநெல்லிதான். எங்க பாட்டி மஞ்சக்காமாலைக்கு இதைத்தான் அரைச்சுக் குடுப்பாங்க’ என்று தமிழிலேயே எழுதியிருந்தார். நிபுணர் செய்தது தாவரவியல்படி சரி. பாட்டி சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுத்தான் இல்லை.

நான் எழுதினேன்: ‘பாட்டி சொன்னது சரிதான்மா. ஆனா ஊர்ல கீழாநெல்லின்னு பறிக்கிறதுல ரெண்டு மூணு இனம் கலந்து வரும். காய் எல்லாம் இலைக்கு அடியில இருக்கு, நீங்க மேலருந்து எடுத்திருக்கீங்க. ஒரு கிளையத் திருப்பிப் போட்டு, காயோட காம்பு தெரியுற மாதிரி ஒரு படம் கிடைக்குமா? காய் வழுவழுன்னு சின்னக் காம்போட இருந்தா ஒரு இனம், சொரசொரன்னு காம்பே இல்லாம ஒட்டிக்கிட்டிருந்தா இன்னொண்ணு.’

அந்த வார ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் கிளையைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஸ்கேலும் வைத்து எடுத்திருந்தார். கடுகு அளவுக் காய்கள், வழுவழுப்பு, ஒவ்வொன்றுக்கும் நூல் போலக் காம்பு. ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆரஞ்சை அழுத்தியவரும் திரும்பி வந்து ஒப்புக்கொண்டார். அப்போதும் ஒன்றும் எழுதவில்லை! சில பேர் சுபாவமே அப்படி. ‘அண்ணா, அப்போ சொரசொரப்பு காய் எங்க கிடைக்கும்?’ என்று அந்தப் பெண் கேட்டார். வயல் வரப்பில் தேடச் சொன்னேன். இப்போது அவர் மற்றவர்கள் பதிவுக்குப் போய்க் காம்பு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மறுப்புக்குக் காரணம் எழுதுவதைக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன என்று அடிக்கடி தோன்றும். ஆனால் அடையாளம் சொல்கிறவர்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள். வெப்சைட்டில் ‘ஐடென்டிஃபை’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. படங்கள் அடுக்கடுக்காக வரும், கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டித் தட்டி ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கில் பார்த்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதச் சொன்னால் பாதிப்பேர் கடையைக் கட்டிவிடுவார்கள். அதனால் கட்டாயம் வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ‘காய் தெரியவில்லை’, ‘இறகின் அடிப்பக்கம் தெரியவில்லை’, ‘இந்தப் பகுதியில் இது இல்லை’ என்று தட்டித் தேர்ந்தெடுக்க நாலு வாக்கியம் வைக்கலாமே. ஒரே தட்டு, காரணமும் வந்துவிடும். இத்தனை வருடத்தில் யாருக்கும் இது தோன்றாமலா இருக்கும்? செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

காரணம் வராதபோது நானே கேட்பதுண்டு. கேட்கிற விதத்தில் இருக்கிறது எல்லாம். ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்றால் சட்டையைப் பிடிக்கிற மாதிரி விழும். ‘அடுத்த தடவை நான் எந்தப் பாகத்தைப் படம் எடுக்க வேண்டும்?’ என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் பதில் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் கேட்பதென்றால் இரண்டே வாக்கியம் போதும், இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. தமிழ்ப் பெயர்கள் நிறைய இனங்களுக்கு இல்லாததும், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுவதும் நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தடைதான். ஆனால் தமிழில் எழுதினால் யாரும் முறைக்கப்போவதில்லை. நான் தமிழ்நாட்டுப் பதிவுகளுக்குத் தமிழில்தான் எழுதுகிறேன். வெளியூர் நிபுணர்கள் மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது குறை நம்மவர்களிடம் அதிகம் என்று சொன்னால் கோபிக்கக்கூடாது. நன்றி சொல்வதற்காக ‘அக்ரி’ பொத்தானை அழுத்துவது. ஒரு பெரியவர் வந்து பெயர் சொல்லிவிட்டார். மறுத்துப் பேசினால் மரியாதை இல்லை, சும்மா இருந்தாலும் மரியாதை இல்லை, எனவே ஒரு அக்ரி. விளைவு என்ன? கணக்கில் இரண்டு பேர் சொன்னதாக ஆகிறது, பச்சை முத்திரை விழுகிறது, உண்மையில் பார்த்துச் சொன்னது ஒருவர்தான். பெரியவர் அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்திருந்தால் போயிற்று. நீங்களே பார்த்து உறுதி செய்ய முடிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள் என்று தளம் சொல்லத்தான் செய்கிறது. யார் கேட்கிறார்கள்? நன்றி சொல்ல வேண்டுமென்றால் நன்றி என்று எழுதினால் போதும், அதற்கென்று கமெண்ட் பெட்டி இருக்கிறது. ஆமாம் சாமி போடுவது தரவைக் கெடுக்கிறது என்பதைவிட, அந்தப் பெரியவருக்கும் நல்லதல்ல என்பதுதான் எனக்கு முக்கியம்; அவர் சொன்னதை யாராவது உரசிப் பார்த்தால்தானே அவருக்கும் தெரியும்.

மூன்றாவது, சில பெயர்களின் காரம். உங்கள் கணிப்பு பொதுக் கணிப்போடு சேராமல் தனியாக நின்றால் அதன்மேல் ‘மேவரிக்’ என்று முத்திரை குத்தும். ஊரோடு ஒட்டாத ஆள் என்கிற அர்த்தம். சரியான பெயரை முதலில் சொன்னவர்தான் பல சமயம் அந்த முத்திரையோடு நிற்கிறார். அதே போல, தொட்டிச் செடியைப் படம் எடுத்துப் போட்டால் யாராவது வந்து ‘வளர்ப்பு’ என்று குறித்துவிடுவார்கள், பதிவு ‘கேஷுவல்’ ஆகிவிடும், அதாவது பச்சை முத்திரைக்கான வரிசையிலிருந்து விலகிவிடும். விதிப்படி சரி, காட்டில் தானாக இருப்பவைதான் இவர்களுக்கு வேண்டும். ஆனால் ஏப்ரல் கடைசியில் சிட்டி நேச்சர் சேலஞ்ச் என்று நகரங்களுக்கு இடையே போட்டி நடக்கும்போது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து மணிபிளான்ட், செம்பருத்தி என்று போடுகிறார்கள். அக்கினி நட்சத்திரம் நெருங்கும் வெயிலில் வெளியே வேறு என்ன கிடைக்கும்? ஒரு விளக்கமும் இல்லாமல் எல்லாம் கேஷுவல் ஆவதைப் பார்த்துவிட்டு அதோடு போனவர்கள் எத்தனை பேரோ. அந்த நாட்களில் நான் ஒரு வாக்கியத்தை நோட்ஸில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுகிறேன்: ‘அழகான செம்பருத்தி. இங்கே தானாக முளைத்ததுக்குத்தான் கணக்கு. அந்தத் தொட்டி மண்ணில் களை ஏதாவது முளைத்திருந்தால் அதைப் போடு தம்பி, எல்லாரும் ஓடி வருவார்கள்.’ நிஜமாகவே போடுகிறார்கள்.

பறவை மட்டும் பார்ப்பவர்கள் கேட்பார்கள், இபேர்ட் இருக்கிறதே என்று. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002ல் தொடங்கியது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு உட்பட நம் ஊர்க் கணக்குகள் அதில்தான் போகின்றன. அங்கே திருத்தம் வேறு மாதிரி. அந்த இடத்துக்கு, அந்த மாதத்துக்குப் பொருந்தாத பறவையையோ எண்ணிக்கையையோ போட்டால், அந்தப் பகுதிக்கான தன்னார்வ மதிப்பாய்வாளர் தனியாக மின்னஞ்சல் அனுப்பி விவரம் கேட்பார். கூச்சப்படுகிறவர்களுக்கு அது நல்லது, நாலு பேர் முன்னால் நடக்காது. ஆனால் அந்த உரையாடலை வேறு யாரும் படிக்க முடியாது. ஐநேச்சுரலிஸ்டில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி எனக்குச் சொன்னது இல்லை. பிரேசிலில் யாரோ ஒருவருக்கும் கேரளத்தில் யாரோ ஒருவருக்கும் நடந்த வாக்குவாதத்தை ஓரமாக நின்று படித்தது. செவ்வெறும்பு மாதிரியே இருக்கும் தாவும் சிலந்தியை, காலை எண்ணிப் பார் என்று யாரோ யாருக்கோ சொன்னதால்தான் நான் இப்போது மாமரத்து எறும்புகளை எல்லாம் கால் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அப்படி ஆயிரம் பேர் எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்த இடத்தின் சொத்து. அதனால்தான் 2025 ஜூனில் ஒரு கலவரம் வந்தது. கூகுளின் அறக்கட்டளைப் பிரிவு கொடுக்கும் நிதியுடன், ஜெனரேட்டிவ் ஏஐ மூலம் ‘இது ஏன் இந்த இனம்’ என்பதற்கு விளக்கம் கொடுக்கும் வசதியைச் செய்து பார்க்கப்போவதாக அறிவித்தார்கள். பழைய ஆட்கள் கொந்தளித்துவிட்டார்கள்; கணக்கையே அழித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. 2017ல் இருந்தே படத்தைப் பார்த்துப் பெயர் பரிந்துரைக்கும் கம்ப்யூட்டர் விஷன் இங்கே இருக்கிறது, அதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. இது வேறு. பெயரை மெஷின் சொன்னால் உரசிப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். காரணத்தையும் மெஷினே சொல்ல ஆரம்பித்தால், காம்பைக் காட்டு என்று கேட்கிறவர்களுக்கு இங்கே என்ன வேலை? நான் கணக்கை அழிக்கவில்லை. ஆனால் அந்த வசதி வந்தால், கீழாநெல்லிப் பதிவில் நடந்தது மாதிரி ஒன்றை அது செய்கிறதா என்று பார்த்துவிட்டு இந்த விமர்சனத்தைத் திருத்தி எழுதுவேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று, பேசாமல் அழுத்தப்படும் ஆரஞ்சுப் பொத்தானுக்கு.

சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வீட்டு மாடித் தோட்டத்தில் எடுப்பதென்றால் இடத்தை ‘அப்ஸ்க்யூர்டு’ என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டு வாசல் வரைக்கும் மேப்பில் தெரியும். ஆபத்தில் இருக்கும் இனங்கள் பலவற்றுக்கு இதைத் தளமே செய்துவிடும், வேட்டைக்காரன் கையில் வழி கொடுக்க வேண்டாமே. செடி என்றால் இலையின் அடிப்பக்கம், பூ, காய் எல்லாவற்றையும் ஒரே பதிவில் போடுங்கள். காளான் தின்னலாமா, கடித்த பாம்பு எது என்றெல்லாம் கேட்க இது இடமில்லை. பதில் ஐந்து நிமிடத்திலும் வரும், இரண்டு வருடம் கழித்தும் வரும். கடித்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடிக்காத பாம்பு என்றால் தூரத்தில் நின்றே எடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பேரினத்தோடு நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.